கம்பளிக் கோட்டின் வாரிசு

எங்கள் குடும்பப் பெயர் ஓர் அமெரிக்கப் பெயர். சுவிட்சர்லாந்தின் லோசானில் எங்கள் வீட்டுக் கடிதப்பெட்டியில் அதைப் படித்துவிட்டு மணி அடிக்கிறவர்கள், கதவைத் திறக்கும் யாழ்ப்பாணத் தமிழனான என்னைக் கண்டதும் வீடு மாறி வந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்பார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மூதாதையைத் தேடத் தொடங்கினார்.

"என்ர மூக்கைப் பார். வெள்ளைக்கார மூக்கு" என்பார். சித்தி நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

இணையத்தில் பழைய உயில்களை மாதக்கணக்கில் துழாவினார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. அமெரிக்கக் கமக்காரர் ஒருவர் நிலத்தை மூத்த மகனுக்கும், கட்டிலை மனைவிக்கும், பசுவை மகளுக்கும் எழுதிவிட்டு, யாழ்ப்பாணத்தில் தன் பெயரைத் தாங்கும் பையனுக்குத் தன் கம்பளிக் கோட்டை விட்டிருந்தார். அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் செலவை ஏற்றவர், அதற்குத் தன் பெயரையே வைக்கலாமாம். அந்தப் பையன்தான் எங்கள் மூதாதை; ஆக, இரத்த உறவு இல்லை. கோட் மட்டும்தான்.

சித்தப்பா முதலில் சோர்ந்துபோனார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "அப்ப எங்கட கோட் எங்கை?"

"எங்கட ஊர் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டோ?" என்றார் சித்தி.

"வெயில் வேற, உரிமை வேற."

அடுத்தடுத்த உயில்களில் கோட்டைத் துரத்தினார். மூத்த மகன் அதைத் தன் மகனுக்கு எழுதியிருந்தான்; அவன் தன் மருமகனுக்கு. கோட் கப்பல் ஏறவே இல்லை. அந்த வம்சத்துப் பெண்மணி ஒருவருக்குக் காரசாரமாக மின்னஞ்சல் போட்டார். அவர் விமானம் ஏறி வந்தேவிட்டார்.

மெட்ரோ வாசலில் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து, அந்தக் கோட்டைத் தராமல் விட்டதற்காக அழுதார். திட்டுவதற்கென்று ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் சித்தப்பாவுக்கு மறந்துபோயிற்று. "அழாதையுங்கோ அக்கா" என்று தமிழிலேயே தேற்றினார்.

வீட்டில் புட்டும் நண்டுக் கறியும் சாப்பிட்ட பிறகு, அந்தப் பெண்மணி தங்கள் வம்ச வரைபடத்தை விரித்தார். எல்லோருக்கும் நேர்கோடு, புதிதாகச் சேர்த்திருந்த எங்களுக்கு மட்டும் புள்ளிக்கோடு.

"அதென்ன எங்களுக்கு மட்டும் புள்ளி? கேளடா அவவை!" என்றார் சித்தப்பா.

நான் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. பேனாவை எடுத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைத்துக் கோடாக்கினார்.

இப்போது அமெரிக்காவில் அவர்களுடைய தாத்தா வீட்டை விற்பதா இல்லையா என்று சண்டை. இரு தரப்பும் சித்தப்பாவிடம்தான் முறையிடுகிறது. சுவிஸ்காரர், நடுநிலையானவர் என்று எண்ணமாம். "ரெண்டு பகுதியும் விசர்க் கூட்டம் எண்டு எழுது" என்கிறார் அவர். நான்தான் ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதை சேர்த்து அனுப்புகிறேன்.