படிக்காமல் போட்ட கையெழுத்து

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். யாரையும் லேசில் நம்பமாட்டார். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் மட்டும் ஏறி, கடைசி மாடிவரை போய்வந்த பிறகே பிறரை விடுவார். கல்யாணப் பதிவேட்டைக்கூட வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். "பொண்ணு பிடிக்கலையோன்னு எங்கப்பாவுக்கு வேர்த்தே போச்சு" என்று அண்ணி சொல்லிக் காட்டுவார்.

அதனாலேயே, அவருக்கு மனநோய் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அண்ணன் புலம்புவதாக அண்ணி போனில் சொன்னபோது, வெளிநாட்டில் இருந்த நான், "அவர் சுபாவமே அதானே அண்ணி" என்று சிரித்தேன். மூன்றாம் மாதம், யாரோ கூப்பிட்டதாகச் சொல்லி, லிஃப்ட் இல்லாத வெறும் குழிக்குள் கால் வைக்கப் போனார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாளை எனக்கு விமானம். அதற்குள் அவரை வீடு சேர்த்துவிட வேண்டுமென்று ஒரே பதைப்பு.

"சந்தேகமெல்லாம் சுத்தமா போயிடுச்சு. மாத்திரையை மறுபேச்சில்லாம போட்டுக்கறார்" என்று டாக்டர் டிஸ்சார்ஜ் படிவத்தை நீட்டினார். அண்ணன் வாங்கினார், கையெழுத்துப் போட்டார், திருப்பிக் கொடுத்தார்.

அண்ணி எழுந்துவிட்டார். "டாக்டர், இவரை இன்னைக்கு அனுப்பாதீங்க."

"என்ன அண்ணி, இப்பப் போயி..."

"சும்மா இருங்க தம்பி. உங்களுக்கு ஃப்ளைட்டு. எனக்குப் புருஷன்." டாக்டரிடம் திரும்பினார். "இவர் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டார். சந்தேகம் இவரோட கூடவே பொறந்தது. நோய் போனா அதுவும் எப்படிப் போகும்?"

டாக்டர் பேனாவை மூடினார். "சந்தேக சுபாவம் இருக்கற எல்லாருக்குமே இந்த நோய் வந்துடறதில்லம்மா. ஆனா வந்துட்டா, எது சுபாவம், எது நோய்னு பிரிக்கறது கஷ்டம். முன்னாடி எப்படின்னு உங்க கொழுந்தனார்கிட்ட கேட்டேன். சாதாரணமா இருப்பார்னாரே?"

அவர் கேட்டது உண்மைதான். நிஜத்தைச் சொன்னால் இன்னும் பல மாதம் வைத்துக்கொள்வார்களோ என்று பயந்து அப்படிச் சொல்லியிருந்தேன்.

டாக்டர் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டார். "ஏன் சார் படிக்கல?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் போட்டுட்டுக் கிளம்புன்னாங்க."

"யாரு?"

ஜன்னல் ஓரம் பார்த்தார். அங்கே யாருமில்லை.

"கிளம்பி எங்க போகணுமாம்?"

"வேலைக்குத்தான். அங்க எனக்காகக் காத்திட்டிருக்காங்க."

அண்ணியின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. டாக்டர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

"கிளம்பலாமா?" என்றார் அண்ணன்.

"இல்லீங்க, இன்னும் கொஞ்ச நாள் இருப்போம்" என்றார் அண்ணி.

ஏன், எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு நர்ஸின் பின்னால் நடந்தார். முன்பென்றால் நூறு கேள்வி கேட்டிருப்பார்.