பித்தளைப் பொத்தான்

மட்டாஞ்சேரியில் தலையில் மூட்டை சுமந்த காலத்தில் என் கூட்டாளிக்குக் 'கோட்டுக்காரர் மகன்' என்று பட்டப்பெயர். கம்பெனித் துரை ஒருவர் கழித்துப்போட்ட கோட்டை அவன் அப்பாவுக்குக் கொடுத்தாராம். அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த மனிதர் மிளகு மூட்டை தூக்குவாராம். யாராவது சிரித்தால், "சிரிங்கடா, உங்களுக்கு இல்லேன்னுதானே" என்பாராம். கூட்டாளியின் அம்மா இதைச் சொல்லாத நாள் கிடையாது. என் அப்பாவைப் பற்றிச் சொல்ல என் அம்மாவுக்கு ஒரு துண்டுதான் இருந்தது, தோளில் கிடந்த துண்டு. சின்ன வயதிலேயே எனக்கு அந்தக் கோட்டை நினைத்தால் வயிறு எரியும்.

இரண்டு அப்பாக்களும் ஒரே பேதியில் போனவர்கள். நோய் கண்ட கூலிகளைக் கம்பெனி வண்டி அள்ளிக்கொண்டு போனது. எங்கே புதைத்தார்கள் என்று வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. துரைமார் ஆட்சி, யார் போய்க் கேட்பது? அமாவாசை வந்தால் அம்மா சொல்வாள்: "அவரு எலும்பு விரலளவு கிடைச்சாலும் போதும்டா. கடல்ல விட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

அறுபதுகளில் அந்தக் கம்பெனியின் பழைய கிடங்கை இடித்துவிட்டு, புதிதாகக் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். மண் சுமக்க நானும் கூட்டாளியும் போயிருந்தோம். உள்ளே எலும்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக, குப்பை கொட்டினமாதிரி. ஓரத்தில் தனியாகக் கிடந்த ஒன்றின் நெஞ்சுக்கூட்டில் மட்டும் பித்தளைப் பொத்தான்கள்.

பொத்தானைப் பார்த்ததுமே முடிவாகிவிட்டது. "இது சாயிப்பாக்கும்," என்றார் மேஸ்திரி. வெள்ளைக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சாயிப்புக்குப் பலகைப் பெட்டி வந்தது, ஆபீஸ் அறையில் இடம் கிடைத்தது, தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. போர்ட் கொச்சியில் துரைமார் கல்லறையில் குழிக்கும் சொல்லியனுப்பினார்கள். மற்றவர்கள் சாக்குக்குள் முற்றத்தில் கிடந்தார்கள். நாய் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

போலீஸ் அனுப்பி ஒரு டாக்டரம்மா வந்தார். சாக்கை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து ஓலைப்பாயில் பரப்பினார்.

"தலைச்சுமை எடுத்த கழுத்து. அமுங்கிப்போயிருக்கு, கண்டோ? பல்லில் குறுக்கே வரி இருக்கு. சின்னப் பிராயத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு இப்படி விழும்."

பிறகு பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதும் அதே கழுத்து, அதே பல்லு. கோட்டு மாத்திரம்தான் சாயிப்போடது."

மேஸ்திரி போய் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்.

கூட்டாளி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா" என்றான். சாதாரணமாக, வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி. எனக்கோ நெஞ்சுக்குள் மிளகாய் வற்றலைப் போட்டு அரைத்ததுபோல் இருந்தது. நான் நேரே டாக்டரம்மாவிடம் போனேன்.

"இதுல எங்க அப்பாவும் இருக்கார். எதுன்னு சொல்ல முடியுமா?"

"அடையாளம் ஏதும் உண்டோ?"

"துண்டு போட்டிருப்பார்."

"துணி மண்ணில் நிற்காதே, சேட்டா. பித்தளைதான் நிற்கும்."

"ஏதாவது ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோங்க. உங்க அப்பாவோடதுதான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

பாய்ப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அம்மா கேட்டது அப்பாவை. இன்னொருவர் அப்பாவைக் கொண்டுபோய் அவள் மடியில் எப்படி வைப்பேன்?

கடலுக்குப் போகிற அன்று காலை கூட்டாளி வந்து வாசலில் நின்றான். "சுக்குக் கஷாயம் குடிச்ச மூஞ்சியோட உக்காந்திருக்காதே. வா. அம்மாவையும் கூட்டிக்கோ."

எலும்பு வைத்த கலயத்தைச் சும்மாடு கட்டித் தலையில் ஏற்றியிருந்தான். "கையில பிடிங்கோ, இதென்ன மூட்டையா?" என்று சாஸ்திரிகள் கடிந்துகொண்டார். "எங்க வீட்டுல எதுவானாலும் தலையிலதான் ஏறும், சாமி," என்றான் அவன்.

முழங்கால் தண்ணீரில் நின்றோம். அவன் மடியில் ஒரு பொத்தானை முடிந்து வைத்திருந்தான். ஈரவேட்டிக்குள் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. என் கண் அதை விட்டு நகரவில்லை.

"உங்க அப்பா பேரையும் சொல்லிக்கோடா," என்றான். "ஒரே குழியில கிடந்தாங்க. அவரு மண்ணு இவரு மேல ஒட்டாமலா இருக்கும்?"

சாஸ்திரிகள் பேரைச் சொல்லச் சொன்னார். அவன் வாயைத் திறக்குமுன், கரையில் நின்ற அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, என் அப்பா பேரை நான் முந்திச் சொல்லிவிட்டேன்.