நம்பர் இல்லாத வண்டி

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, பதினான்கு மாதம் நான் மந்தைவெளி வீட்டைவிட்டுத் தனியாக வெளியே போகவில்லை. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் இருபத்தாறு வருடம் நின்றபடியே சேலை விரித்துக் காட்டியவன் நான். சர்க்கரை நோயில் பாதத்தில் வந்த ஒரு கொப்புளம் ஆறாமல் காலையே கொண்டுபோனது. செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதை வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து கேட் வரை நடக்கலாம். அதற்கு மேல் நடந்தால் புண்ணாகிவிடும்.

மாடி வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு, அவருக்காக அவர் மகள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த மொபிலிட்டி ஸ்கூட்டரை எனக்குக் கொடுத்தாள். நாற்காலி போல ஒரு இருக்கை, நான்கு சின்னச் சக்கரங்கள், முன்னால் கைப்பிடி, அடியில் பேட்டரி.

"அங்க இதைப் பிளாட்பாரத்துலயே ஓட்டுவாங்க அங்கிள். லைசென்ஸ் எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

எங்கள் தெருப் பிளாட்பாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, இளநீர்க் கடை இருந்தது, முழங்கால் உயரத்துக்கு ஏற்றமும் இருந்தது. ரோட்டில்தான் ஓட்ட வேண்டும். முதல் நாள் மார்க்கெட் வரை போய்ச் சுண்டைக்காய் வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு பேசினார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு நம்பர் வேண்டாமா?"

அந்தக் கேள்வியோடுதான் பயம் வந்தது. நான் எந்த வண்டியும் வைத்திருந்தவன் இல்லை. பஸ்ஸும் ரயிலும்தான் எனக்குத் தெரியும். பேட்டரி வண்டிக்கு எதுவும் வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னார். பிடித்தால் திருப்பித் தர மாட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த எதிர் வீட்டுக்காரர், "யார் மேலயாவது இடிச்சா இன்ஷூரன்ஸ் கிடையாது சார், கேஸு உங்க தலையில" என்றார். மூன்று பேர் சொன்னதையும் நம்பினேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சிக்னல் இருக்கும் பக்கமே போகமாட்டேன். சந்து சந்தாகப் போவேன். காக்கிச் சட்டை கண்ணில் பட்டால் வண்டியைத் திருப்பிவிடுவேன். ஒரு முறை தண்ணீர் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் ஒளிந்து நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில், தெரிந்தவர்கள் பார்க்க, அப்படி நின்றேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது தெருமுனையில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்தேன். பின்னால் பார்க்காமல் சட்டென்று வலது பக்கச் சந்துக்குள் திருப்பினேன். ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் என் மேல் மோதாமல் இருக்க பிரேக் பிடித்து, சறுக்கி விழுந்தாள்.

முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா, பார்த்துத் திருப்பக்கூடாதா?"

அதற்குள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். "இன்னா வண்டி இது, நம்பர் பிளேட்டையே காணோம்" என்று ஒருவர் போனில் படம் எடுத்தார். இன்னொருவர் ஜீப்பைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளுக்கு நடுவே என் வண்டி நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. மறுபடியும் கூடம், கேட், கூடம். என் வலது கால் நடுங்கியது. இல்லாத காலும் நடுங்கியது.

அந்தப் பெண் என் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னாள். "போலீஸ் வேணா நைனா. என்கிட்ட லைசென்ஸ் இல்ல. வண்டி என் தம்பிது." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நானாதான் ஸ்லிப் ஆயிட்டேன். போங்க, வேலையப் பாருங்க" என்றாள்.

ஆனால் கான்ஸ்டபிள் வந்துவிட்டார்.

"உனக்கு லைசென்ஸ் இருக்காம்மா?"

"வீட்டுல கீது சார்."

அவர் அவளை விட்டுவிட்டு என் வண்டியைப் பார்த்தார். ஆர்.சி. கேட்டார், இல்லை என்றேன். லைசென்ஸ் கேட்டார், இல்லை என்றேன். வண்டியைச் சுற்றி வந்தார், என் செயற்கைக் காலைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுத் தெரிஞ்சிக்குங்க பெரியவரே. இப்ப வீடு வரைக்கும் போங்க, கேட்டுத் தெரிஞ்சிக்கிற வரைக்கும் இது ரோட்டுக்கு வரக்கூடாது. அடுத்த தடவை பார்த்தா எடுத்துட்டுப் போயிடுவேன்."

வீடு வரை அந்தப் பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு வந்தாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்குக் குடியேற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. இந்தப் பக்கம் இரண்டு வீடுகளில் சமையல். பஸ்ஸை நம்பினால் வேலைக்கு நேரத்துக்கு வர முடியாது என்றாள். என் மனைவி காயத்தைக் கழுவி மருந்து போட்டாள்.

"நீ அந்த ஆபீசுக்குப் போறப்ப என்னையும் கூட்டினு போ நைனா. எனக்கு அங்க போறதுன்னாலே பயம்."

எனக்கும்தான் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நானும் மனைவியும் அந்தப் பெண்ணுமாக மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். இரண்டு கவுண்டரில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாக ஒரு பெண் அதிகாரி உட்காரச் சொன்னார். இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த, மோட்டார் விவரம் எழுதிய ஸ்டிக்கரை என் மனைவி போனில் படம் எடுத்திருந்தாள். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் படித்தார்.

"மோட்டார் இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, வேகம் இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்து, இங்க சோதனை பண்ணின சர்ட்டிபிகேட்டும் இருந்தா நம்பரும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். உங்களுது நானூறு வாட். சட்டப்படி இது மோட்டார் வண்டி. பதிவு பண்ணணும்."

"பண்ணிக்கறேன்மா."

"பண்ண முடியாது சார். இந்த மாடலுக்கு இங்க சர்ட்டிபிகேட்டே இல்ல."

"அப்ப?"

"வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள ஓட்டுங்க."

எங்கள் வீட்டுக் காம்பவுண்டு பதினைந்து அடி. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து இரண்டு வழிகளை எழுதிக் கொடுத்தார். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கி, பதிவு செய்து, அதற்கான லைசென்ஸ் எடுக்கலாம். இல்லாவிட்டால் வரம்புக்கு உட்பட்ட, சர்ட்டிபிகேட் உள்ள, நாற்காலியை இழுத்துப் போகும் பேட்டரி முன்சக்கரத்தைச் சக்கர நாற்காலியில் மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்கே அந்தப் பெண் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்சுக்கு விண்ணப்பித்தாள். ஒரு மாதம் கழித்து, வண்டியை எட்டு வடிவில் ஓட்டிக் காட்டும் சோதனையில் ஒரு தடவை கால் ஊன்றிவிட்டாள், இரண்டாம் தடவை தேறினாள்.

நான் இரண்டாவது வழியை எடுத்தேன். நாற்காலி வர மூன்று மாதம் ஆனது. பழைய வண்டியை மாடி வீட்டுப் பெரியவரின் மகளிடமே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது காக்கிச் சட்டையைப் பார்த்தால் நான் திரும்புவதில்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்த நாட்களில் மற்றதற்குப் பயப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. பெரிய சாலையில் பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்கும்போது, அதன் டிரைவர் கண்ணுக்கு இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருக்கும் நான் தெரிவேனா என்று நினைப்பேன். முதுகு விறைத்துக்கொள்ளும். திரும்பிப் பார்க்க முடியாது. பஸ் கடந்து போகும்வரை ஓரக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.