கேரட்டும் கொய்யாவும் வெளுக்காத பல்

கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் எல்லாருக்கும் பாதி முகம்தான். தொப்பி, மாஸ்க், நடுவில் கண். அதனால் அங்கே எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு டிரெய்னிங் கொடுக்க ஆள் எடுக்கிறார்கள், நீ நல்லாப் பேசுற, பேர் கொடு என்று சூப்பர்வைசர் மேடம் சொன்ன அன்றைக்குத்தான் பல் ஞாபகம் வந்தது. டிரெய்னிங் ஹாலில் மாஸ்க் கிடையாது. கான்ட்ராக்ட் முடிந்த பிறகும் கம்பெனியில் நிலைக்க எனக்கிருந்த ஒரே வழியும் அதுதான்.

என் முன்பற்களில் பழுப்பாகக் கோடு ஓடும். டீதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். டீயும் காபியும் கறை ஏற்றும்; பீட்ரூட்டும் மஞ்சளும் சாயம் விடும்; கேரட்டும் கொய்யாவும் கடித்து மென்றால் பல்லில் அழுக்கு தங்காது. எலுமிச்சை மட்டும் ஆகாது, பல்லையே அரித்துவிடும். பி.எஸ்சி. படித்தவள் அல்லவா, உற்சாகமாக இறங்கிவிட்டேன். கேன்டீனில் சாம்பாரைத் தள்ளிவிட்டுத் தயிர்சாதம். கம்பெனி பஸ்ஸில் கேரட். ஹாஸ்டலில் என் அறைத்தோழி, திருநெல்வேலிக்காரி, சும்மா விடுவாளா? “ஏட்டி, நாளைக்கு ரெண்டு கட்டு புல்லு வாங்கிட்டு வரட்டா?”

டீ குடிக்காதவளுக்கு டீ பிரேக்கில் என்ன வேலை? நாளெல்லாம் லைனில் வாய் திறக்காதவர்கள் அங்கேதான் பேசுவார்கள். நான் ஓரமாகக் கொய்யா கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

கோடு அப்படியே இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போய், சாப்பிட்டது சாப்பிடாதது எல்லாம் ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: சின்ன வயதில் என்ன தண்ணீர் குடித்தாய்? ஊர் போர்த்தண்ணிதான் என்றேன்.

“சாப்பாட்டுக் கறைன்னா மேலதான்மா ஒட்டும், சுத்தம் பண்ணிடலாம். இது பல்லு உருவாகும்போதே தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடு உள்ள போய் வந்தது. நீ இனிமே என்ன சாப்பிட்டாலும் மாறாது.”

மேலே பூசி மறைக்கலாமாம். அது என் சம்பளத்துக்கு எட்டாது.

டிரெய்னிங் வேலைக்கு ஆள் தேர்வு செய்த அன்று உதடு விரியாமல் பேசினேன். விஷயம் தெரியுது, ஆனா முகம் கடுகடுன்னு இருக்கு, புதுப் பொண்ணுங்க பயந்துடுவாங்க என்றார்கள். வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். வேலை என்னாச்சு என்றாள். நான் அவளுடைய ஒன்றரை வயதுப் பாப்பாவுக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறாள் என்று கேட்டேன்.

“நம்ம போர்த்தண்ணிதான். கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்.”

கொதிக்க வைத்தால் அது போகாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கேன் தண்ணி வாங்கு என்றேன்.

“கேன் வண்டி நம்ம ஊருக்கு எங்கடி வருது?”

குழாயில் போர்த்தண்ணி வந்துட்டு, பிடிக்கணும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.