கறுப்புப் பஞ்சின் கடைசிக் குப்பி

"ஃப்ரீசரைத் தொறந்து போட்டுட்டு என்ன யோசனை? துணிக்கடையில நிக்கிற மாதிரி நிக்கிற! எடு, மூடு, நட!"

எங்கள் பெரியம்மா இதை ஆராய்ச்சி மாணவர்களிடம் சொல்வாள், ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் மேடத்திடமும் சொல்வாள். ரிப்பேர் செய்ய வந்தவர், "தொறக்காம எப்படிம்மா பாக்குறது?" என்று கேட்டதற்கு, "அது உங்க சாமர்த்தியம்" என்றாள்.

கடற்பஞ்சுகளை அரைத்து, ஊறவைத்து, சாறு எடுப்பது அவள் வேலை. செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதியின் வேலையை அந்தச் சாறு நிறுத்துகிறதா என்று ஆராய்ச்சிக்கூடத்தில் பார்ப்பார்கள். கடலில் முக்குளித்துப் பஞ்சு கொண்டுவந்தவர் பெரியப்பா.

"நீங்க கொண்டு வர்றதுல பாதி மணலு!"

"மீதியைக் குழம்பு வச்சிடாத."

ஒருநாள் பனிக்கட்டிப் பெட்டியில் கறுப்புப் பஞ்சு ஒன்று வந்தது. "மனுஷன் கடலையே வாரி அனுப்பிட்டாரு" என்று திட்டிக்கொண்டே அரைத்தாள். அரைத்து முடிக்கும்போதுதான் மேடம் கதவருகே வந்து விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா முக்குளித்த இடத்தில் படகில் ஏறியது பஞ்சுப் பை மட்டும்தான். ஆள் ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்தச் சாறு பொல்லாதது. தட்டின் அடியில் ஒட்டிப் படுத்திருக்கும் செல்கள் அது பட்டால் உருண்டு, பிடி விட்டு, மேலே மிதக்கும். அதே பாறையிலிருந்து பிறகு வந்த பஞ்சுகள் ஒன்றுக்கும் உதவவில்லை. வருடங்கள் போக, கடைசியில் ஒரு குப்பிதான் மிஞ்சியது.

அதைக் கேட்டு வந்தவள் 'சுருட்டை' என்று எல்லோரும் கூப்பிட்ட மாணவி. அவளுடைய பட்டமே அந்தச் சாற்றின் சோதனையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா தலையாட்டிவிட்டு, சாற்றைக் கரைக்கும் வெறும் திரவத்தை எடுத்துக் கொடுத்தாள். திரும்பத் திரும்ப அதையே கொடுத்தாள்.

"அக்கா, சாறு விட்ட தட்டும் விடாத தட்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினாள் சுருட்டை.

"உன் செல்லு உன்னை மாதிரியே வீம்பு போல."

"இன்னும் ஒரே ஒரு தடவைதான்னு மேடம் சொல்லிட்டாங்க. இல்லேன்னா வேற தலைப்பாம். மறுபடி முதல்லேருந்து!"

அந்த ஒரு தடவைக்கு முன்னால் பெரியம்மா உண்மையான குப்பியைத் திறந்தாள். எவ்வளவு மிச்சம் என்று கண்ணாடி ஊசியில் உறிஞ்சிப் பார்த்து, திரும்ப உள்ளே விட்டாள். பிறகு அதே ஊசியைக் கழுவாமல், வெறும் திரவத்தை எடுத்துச் சுருட்டையிடம் கொடுத்தாள்.

"அக்கா! ஓடி வாங்க!"

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள் பெரியம்மா. செல்கள் உருண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தரையை விட்டு மேலே வந்துகொண்டிருந்தன.

"என்னடி போட்ட?"

"நீங்க குடுத்ததைத்தான்."

கழுவாத ஊசி அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வந்த பிறகும், பெரியப்பா முக்குளிக்கப் போடும் நனைந்த ரப்பர் உடையின் வாடை அந்த அறை முழுக்க அடித்தது என்று எங்களிடம் சத்தியம் செய்தாள். "ஊசியில ஒட்டியிருந்த துளிதான், தெரியுது. தெரிஞ்சுட்டா வாடை போயிடுமா?"

அப்போதே போய் உண்மையான குப்பியை எடுத்து வந்தாள். "இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் வெறும் தண்ணின்னு வச்சுக்க. இதுதான் அது. எடுத்துக்க."

சுருட்டை கத்தவில்லை. "அக்கா, நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள். அதற்கு அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெரியம்மாவுக்கு இருந்ததாம்.

குப்பி காலியான அன்று மேடம் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "நீங்க மறைச்சது தப்புதான். ஆனாலும் அவர் கடைசியா எடுத்தது. ஒரு சொட்டாவது வச்சுக்கிட்டிருக்கலாமே?"

"எதுக்கு மேடம்? உயிரோட இருந்தவரைக்கும் அந்த மனுஷன் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்ல. செத்தப்புறம் நான்தான் அவரைப் பூட்டி வச்சு, வருஷக்கணக்கா மட்டம் போட வச்சுட்டேன்."