நான்கு சிந்தசைசர்களும் பாம்புக் காது அக்காவும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் முகத்துக்கு நேரே எல்லாரும் 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பாம்புக் காது'. வசவு என்று நினைத்துவிடாதீர்கள், பட்டம்தான் அது. மூன்றாம் அறையில் யாராவது வயலின் வாசிக்க, வராந்தாவில் கையில் டீயோடு போகிற அக்கா நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "ரெண்டாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். வாசித்தவர் ட்யூனரை வைத்துப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். இப்படி இருபத்தாறு வருஷம்.

அந்தக் கூடத்தில் குழந்தைகளுக்கான பாட்டும் கார்ட்டூனுக்கு இசையும் செய்கிறார்கள். அக்காவுக்கு அங்கே இரண்டு வேலை. முயல் குதித்தால், நிலா உதித்தால், பூதம் தும்மினால் என்ன சத்தம் வர வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குவது ஒன்று. புதுசாக எந்த மென்பொருளை வாங்கலாம் என்று ஒப்பிட்டுச் சொல்வது இன்னொன்று. அக்கா எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இந்த முறை வந்தது வேவ்டேபிள் சிந்தசைசர், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒலி உண்டாக்குகிற ஒரு மென்பொருள். பேரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஒரு ஒலியின் அலையில் ஒரே ஒரு சுற்றைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அதுபோல நூறு, இருநூறு படங்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். ஒரு குமிழைத் திருகினால் ஒலி ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். புல்லாங்குழலாக ஆரம்பித்தது மணியாக மாறும், மணி போய்க் கண்ணாடி உரசுகிற சத்தமாகும். கூடத்தின் ஒன்பது அறைகளிலும் இந்த வகையில் ஒரே மென்பொருளைப் போட்டுவிட முதலாளி முடிவு செய்திருந்தார். போட்டியில் நான்கு. எது என்று அக்கா சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை கூட்டம்.

அக்கா ஒப்பிடுகிற அழகு இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான்கிலும் ஒரே ராகத்துணுக்கைப் பதிவு செய்வார். நான்கின் சத்த அளவையும் மீட்டரை வைத்து இம்மி பிசகாமல் சமமாக்குவார். சத்தமாகக் கேட்பதுதான் நன்றாக இருக்கிறது என்று காது பொய் சொல்லும், அதற்கு இடமே கொடுக்க மாட்டார். பிறகு கணவரைக் கூப்பிடுவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். எது எந்த மென்பொருள் என்று தெரியாதபடி பதிவுகளின் பேரையெல்லாம் அழித்துவிட்டுக் கலைத்துப் போடுவார். கடைசியாகப் பக்கத்திலிருக்கிற இரண்டாவது திரையின் மேல் ஒரு துண்டு. ஒலியை வரைபடமாகக் காட்டும் வசதியெல்லாம் அந்தத் துண்டுக்கு அடியில் போய்விடும்.

"கண்ணு நடுவுல வந்தா காது சோம்பேறி ஆயிடும்" என்பது அக்காவின் கட்சி. திரையைப் பார்த்துக்கொண்டு ஒலியைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வாரம் இப்படிக் கேட்டார், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து திருகியும் பார்த்தார். ஒன்றாவதில் எல்லாக் குமிழும் ஒரே பக்கத்தில் இருந்தன, ஆனால் ஒலி விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது நல்ல கனம், சுத்தமும்கூட. ஒரு சின்ன மாற்றம் செய்யத்தான் நாலு பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. நான்காவதில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். மூன்றாவதைக் கேட்டபோது மட்டும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அடடா, என்னமா வழுக்குது!" என்றார். அதுவும், கை எங்கே போகிறதோ அங்கே குமிழ் இருந்தது. அறிக்கையை எழுதிவிட்டார். மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஒரே ஒரு சோதனை பாக்கி. இந்த மாதிரி மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருத்தரை உட்கார வைத்து, சொன்ன வேலையை எத்தனை நிமிஷத்தில் செய்கிறார் என்று பார்ப்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் சிக்கியவள் நாத்தனார். இருபத்தெட்டு வயசு, பள்ளி வேன் ஓட்டுகிறவள். தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு வாரமாக அண்ணன் வீட்டில் முகாம்.

"அண்ணி, ஸ்டியரிங்கைத் தவிர எதையும் திருப்பத் தெரியாத ஆளைக் கூப்பிடறீங்க. அப்புறம் உடைஞ்சுபோச்சுன்னு என் மேல பாயக் கூடாது."

"உடையறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. இந்தச் சத்தம் மெதுவா விரிஞ்சு மெதுவா சுருங்கணும். எப்படிச் செய்வியோ, செய்."

மூன்றாவது மென்பொருளில் நாத்தனார் இரண்டே நிமிஷத்தில் செய்துவிட்டாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். கெட்டிக்காரி என்று சொன்னதும் அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. கீபோர்டின் வலது கோடிக்குப் போய் மேல் ஸ்தாயியில் டிங் டிங்கென்று மணி அடித்தாள். அடித்தவள் மூஞ்சியைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது! காதுக்குள்ள கொசு போன மாதிரி கீய்ங்குது."

"கொசுவா? ஒண்ணும் இல்லையே."

"என்ன இல்லையே? பல்லு கூசுது எனக்கு. கேக்கலையா?"

அக்கா இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். மணி கேட்டது, அழகாகத்தான் கேட்டது. எழுந்து போய் இரண்டாவது திரையிலிருந்த துண்டை உருவினார். வரைபடத்தின் வலது ஓரத்தில், பதினாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்தில், இருக்கவே கூடாத ஒரு கோடு ஊசியாய்ச் செங்குத்தாக நின்றது. மேல் ஸ்வரங்களில் மென்பொருள் தப்பாகக் கணக்குப் போட்டுத் துப்புகிற கள்ளச் சத்தம் அது.

அக்கா ஒரு தனி ஒலியைப் போட்டு அதன் சுருதியை அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போனார். "கையைத் தூக்கிக்கோ, எப்ப நிக்குதோ அப்ப இறக்கு" என்றார். பதினோராயிரத்து ஐநூறில் அவருக்கு நின்றுவிட்டது. "நின்னுதா?" என்று கேட்டார். நாத்தனார் இல்லையென்று தலையாட்டினாள். பதினேழாயிரம் தாண்டித்தான் அவள் கையை இறக்கினாள்.

வயசானால் மேலே இருக்கிற ஒலி கேட்காது என்பது அக்காவுக்குத் தெரியாததா என்ன? பத்துப் பேருக்கு அவரே பாடம் எடுத்திருக்கிறார். தனக்கு வரும் என்பதுதான் தோன்றவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷன் ஒருத்தர் வீட்டிலேயே இருக்க, தன் காதை ஒரு தடவை சோதித்துக்கொள்ளத் தோன்றவில்லை. துண்டு போட்டதில் என்ன ஒரு பெருமை! அந்தத் துண்டை எடுத்திருந்தால் முதல் நாளே கோடு தெரிந்திருக்கும். அதைவிட நெஞ்சை அறுத்தது இன்னொன்று. இந்தப் பாட்டையெல்லாம் கேட்கப் போவது குழந்தைகள். கொசு அவர்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும்.

"இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க? மூணை அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தெரியுமே."

"சரி, சொன்னா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், தலைமை ஒலிப்பொறியாளருக்கு ஒரு காது மந்தம் என்று முதலாளி காதுக்கு எட்டியது. ஒரே வாரம். மனுஷனைப் பழைய டேப்புகள் அடுக்கியிருக்கிற அறைக்கு மாற்றிவிட்டார். அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கே தூசி தட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பாம்புக் காதிலிருந்து டேப் அறைக்கு எத்தனை படி என்று அக்கா அன்று முழுக்க எண்ணினார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் அறிக்கையைப் புதுசாக அடித்து எடுத்துப் போனார். ஆளுக்கொரு பிரதியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "படிக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் போடறேன். கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கற வரைக்கும் இறக்காதீங்க."

மேஜையைச் சுற்றி முதலாளியோடு சேர்த்து எட்டுப் பேர். அக்கா மூன்றாவது மென்பொருளிலிருந்து அந்தக் கள்ளச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து வைத்திருந்தார். பட்டனை அழுத்தினார். ஒரு கை, மூன்று கை, ஏழு கை. பாட்டெழுதுகிற பெண் இன்னொரு கையால் காதையும் பொத்திக்கொண்டாள். அக்காவுக்கு அறை நிசப்தமாக இருந்தது. தன் காதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் முதலாளி சிரித்துவிட்டார். அறுபது வயசு அவருக்கு. அங்கே தயாராகிற ஒவ்வொரு பாட்டிலும் எல்லா ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கிற கடைசிக் கலவையை அவரேதான் கேட்டு முடிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"என்னம்மா இது, ஸ்கூல் பசங்க மாதிரி எல்லாரும் கையைத் தூக்கிட்டு? முதல்ல சத்தத்தைப் போடுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கைகள் இறங்கவும் இல்லை.

"போட்டு அரை நிமிஷம் ஆச்சு சார்" என்றார் அக்கா. "எனக்கும் கேக்கலை. நேத்துதான் தெரிஞ்சுது."

முதலாளி ஸ்பீக்கரைப் பார்த்தார். ஒவ்வொரு கையாகப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் போயிற்று. எழுந்து ஸ்பீக்கர் அருகே போய்க் குனிந்து கேட்டார். டேப் அறைக்குப் போன அந்த மனுஷன் அவர் நினைவுக்கு வந்தாரோ என்னவோ, நிமிர்ந்தபோது யார் கண்ணையும் பார்க்கவில்லை.

"இன்னும் ஓடுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்க கையைப் பாத்தாத்தான் சார் நமக்குத் தெரியும்."

அக்கா நிறுத்தினார். ஏழு கையும் ஒன்றாக இறங்கின. முதலாளி நாற்காலிக்குத் திரும்பி அறிக்கையை எடுத்தார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்: "இதை எழுதியவருக்குப் பதினோராயிரத்து ஐநூறுக்கு மேல் கேட்காது. அதற்கு மேல் உள்ளதை வரைபடத்தைப் பார்த்தும் இன்னொருவர் சொல்லியும் எழுதியிருக்கிறார். இரண்டாவதை வாங்கலாம்." அக்கா மேஜைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டார்.

முதலாளி பேனாவைத் திறந்து அந்த வரிக்குக் கீழே 'எனக்கும்' என்று எழுதினார்.

"இனிமே கடைசிக் கலவைக்கு உங்கள்ல ரெண்டு பேர் வந்து உக்காரணும்" என்று அந்த ஏழு பேரிடமும் சொன்னார். "எங்க ரெண்டு பேர்கூட."