பூசணிக்காய்க்கு விளக்கம் கேட்ட எஸ்தோனியா

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் உஷாராணியின் கம்பெனிக்குக் கதவும் இல்லை, போர்டும் இல்லை. அது எஸ்தோனியாவில் இருக்கிறது. அந்த நாட்டை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஐரோப்பிய வீடியோக்களுக்கு வசனவரி எழுதியவளை ஒரு தரகர் பல வருஷம் மொட்டையடித்தார். பொறுத்துப் பார்த்தவள், சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிப் போய் எஸ்தோனியா வெளிநாட்டவருக்குத் தரும் இணையவழிக் குடியாளர் அட்டையை வாங்கி வந்தாள். ஐரோப்பியர்களிடம் நேராக வேலை வாங்க, இங்கிருந்தபடியே அங்கே தன் பெயரில் கம்பெனியைப் பதிந்துவிட்டாள்.

கிள்ளானில் லோரி ஓட்டும் கணவர் தம்புசாமி உட்கார்ந்து செலவைக் கூட்டிப் பார்த்தார். பதிவுக் கட்டணம் ஒரு தடவையோடு முடிந்தது. ஆனால் அங்கே ஒரு முகவரிக்கு வருஷக் கட்டணம், கணக்காளருக்கு மாதக் கட்டணம். யாருமே உட்காராத முகவரிக்குக் காசா என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"ஒரு வருஷம் பாப்போம் உஷா. தன் செலவ அதுவே தூக்கணும். வீட்டுக் காசு ஒரு சென்கூட போகக்கூடாது. இல்லன்னா மூடிரு."

"சரிங்க" என்றாள்.

அப்படிச் சொன்ன மனுஷனே திறப்புப் பூஜைக்கு ஊரைக் கூட்டினார். ரவாங், அம்பாங் சொந்தமெல்லாம் வந்து, லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் பூசணிக்காய் உடைத்து, வாழையிலையில் சாப்பிட்டுப் போனார்கள். கம்பெனி விசேஷம்தானே என்று உஷாராணி கம்பெனி கார்டையே தேய்த்தாள்.

வருஷக் கடைசியில் எஸ்தோனியக் கணக்காளர் எழுதிக் கேட்டார். இந்தப் பூசணிக்காயும் சாப்பாடும் எந்தத் தொழில் தேவைக்கு? சொந்தச் செலவென்றால் நீங்களே திருப்பிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வரி விழும்.

உஷாராணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கம்பெனி மூச்சு வாங்கிக் கரையேறிய நேரம் அது. வரி விழுந்தால் நஷ்டம். 'விளம்பரச் செலவு' என்று எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. பொய்க்கணக்கில் பிழைப்பதென்றால் அந்தத் தரகரிடமே இருந்திருக்கலாமே. கணவரிடம் உள்ளதைச் சொன்னாள்.

"வீட்டுக் காசுலதான் கட்டணும்ங்க. மூடிரவா?"

"மத்த செலவெல்லாம் அதுவே தூக்கிருச்சா?"

"எல்லாத்தையும் தூக்கிருச்சு."

தம்புசாமி பர்ஸை எடுத்தார். "கூட்டத்த கூப்டது நான்லா. இத கம்பெனி தலையில கட்டாத."

அடுத்த வாரம் இருவரும் கிள்ளான் பாசாருக்குப் போனார்கள். தம்புசாமி காய்க்கடையில் குனிந்து ஒவ்வொரு பூசணியாகத் தட்டிப் பார்த்தார்.

"நல்லதா ஒன்னு குடுங்கண்ணே. எங்க வீட்டு மொதலாளியம்மா கம்பெனிக்கு ரெண்டாவது வருஷப் பூஜை."

பின்னால் நின்ற உஷாராணி கைப்பையைத் திறந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தார்.

"பில்லு என் பேர்ல போடுங்கண்ணே. அவங்க கம்பெனி ரொம்ப ஸ்ட்ரிக்டு."